நகரை அடுத்த நிலங்களில் வேளாண்மை: தாம்பரம் வட்டாரத்துக்கேற்ற வழிமுறைகள்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது, பல்லாவரத்துக்குத் தெற்கே ஏரிகளும் அவற்றின் பாசன நிலங்களுமே பெரும்பகுதியாக இருந்தன. இன்று நிலைமை வேறு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நேற்றுவரை கிராமக் கணக்கில் இருந்த பல ஊர்கள் இன்று பெருநகரக் கணக்கில் வந்துவிட்டன.

இருப்பினும் முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, அகரம்தென், மதுரப்பாக்கம் ஆகிய ஊர்களின் பக்கம் செல்வோர், மனைக் கற்களுக்கும் புதுச் சுவர்களுக்கும் நடுவே கீரைப் பாத்திகளையும் ஏரிக்குக் கீழே நெல் வயல்களையும் இன்றும் காணலாம். இந்நிலங்களில் பயிரிடும் உழவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்னும் எத்தனை நாளைக்கு இங்கே பயிர் செய்யலாம்? செய்தால் கட்டுமா?" இக்கேள்விக்கு ஆசை வார்த்தை கூறாமல், நன்மை தீமைகளை எடைபோட்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் வேளாண்மையும்

நகரத்துக்கு அருகே வேளாண்மை செய்வது புதிய செய்தியன்று. செருமனி நாட்டு நிலக்கிழாரும் பொருளியல் அறிஞருமான வான் தூனன் என்பவர் 1826-ல் வெளியிட்ட நூலில், ஒரு நகரைச் சுற்றிப் பயிர்கள் வளையம் வளையமாக அமையும் என்று விளக்கினார். விரைவில் கெடும் பாலும் காய்கறியும் நகரை ஒட்டிய முதல் வளையத்திலும், கெடாத தானியம் தொலைவிலும், நடந்தே வரக்கூடிய கால்நடை கடைசி வளையத்திலும் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஏற்றிச் செல்லும் செலவும், கெட்டுப்போகும் வேகமுமே இதற்குக் காரணங்கள்.

நம் மாநிலத்தில் வேளாண் கல்வி தோன்றியதும் சென்னையின் தென்புறத்திலேதான். 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய முயற்சியே 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அன்று உழவு கற்பித்த சைதாப்பேட்டையில் இன்று உழவில்லை. முதல் வளையம் பல்லாவரத்துக்கும், பின்பு தாம்பரத்துக்கும் தள்ளிப்போயிற்று. இப்போது தாம்பரத்தையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இவ்வட்டார உழவர், நகரும் ஒரு வளையத்தின்மேல் நின்று பயிர் செய்கிறார் என்பதை முதலில் உணரவேண்டும்.

நகரருகே உள்ள நிலத்தின் நன்மைகள்

1. பசுமை: அதிகாலையில் அறுத்த கீரை காலை ஏழு மணிக்குள் வீட்டு வாசலுக்குச் செல்வது இந்த வட்டாரத்தில் மட்டுமே இயலும். தொலைவிலிருந்து இரவெல்லாம் லாரியில் வரும் கீரை வாடியும் அழுகியும் எடை குறைகிறது. 2020 மே மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாகக் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டு, மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, அருகில் விளையும் காய்கறியின் அருமை நகர மக்களுக்கு விளங்கிற்று.

2. நகரின் கழிவு: சமையலறைக் கழிவும், சந்தைக் கழிவும், மாட்டுத் தொழுவத்துச் சாணமும் நகரத்துக்குச் சுமை, உழவருக்கு உரம். பம்மலில் 1990-களில் பெண்கள் சிலர் தெருக் குப்பையை மக்கும் குப்பை, மக்காக் குப்பை எனப் பிரித்து உரமாக்கத் தொடங்கிய முயற்சி பலரும் அறிந்ததே.

3. மழையை உள்வாங்கும் திறன்: பயிர் நிலம் மழைநீரை உள்ளே விடும், காங்கிரீட் தளம் வெளியே தள்ளும். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. ஒரு ஏக்கரின் மேல் அன்று விழுந்த நீர் ஏறத்தாழ 19 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் 165 லாரி. வரப்புள்ள வயல் இதில் ஒரு பகுதியையேனும் பிடித்து நிறுத்தும். மனையாக்கி மேடேற்றிய நிலம் அனைத்தையும் அடுத்தவர் வாசலுக்கு அனுப்பும். இந்த நன்மைக்கு உழவருக்கு யாரும் விலை தருவதில்லை. எனினும் ஊருக்கு இது பேருதவியாகும்.

இடர்ப்பாடுகள்

1. மனை விலை: தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மனையாக விற்கும் விலைக்கு வட்டி போட்டுப் பார்த்தால், அந்த வட்டியை ஈட்டித்தரும் பயிர் எதுவும் இல்லை. இதை மறைப்பதில் பயனில்லை. ஆகவே சொந்த நிலக்காரர் பயிர் செய்வது, நிலத்தை வைத்திருக்கும் காலம்வரை அது சும்மா கிடக்காமல் வருமானம் தரவேண்டும் என்பதற்காகவும், தொழிலின் மீதுள்ள பற்றினாலுமே ஆகும். மனை விலையைப் பயிரின் செலவுக் கணக்கில் சேர்ப்பதும் தவறு; பயிர் வருமானத்தை மனை விலையோடு ஒப்பிட்டு மனம் சோர்வதும் தவறு.

2. குத்தகைப் பாதுகாப்பின்மை: இங்குப் பயிர் செய்வோர் பலர் வாய்மொழிக் குத்தகையாளர்கள். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் நடைமுறையில் இருந்தும், உரிமை நிலைத்துவிடுமோ என்ற அச்சத்தால் நிலக்காரர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்து இல்லாததால் குத்தகையாளர்க்குப் பயிர்க் கடனும் இழப்பீடும் எட்டாக்கனியாகின்றன. மனை வாங்குபவர் வந்துவிட்டால், நின்ற பயிரோடு வெளியேற நேரிடுகிறது.

3. நீர்: ஏரிகளின் பாசனப் பரப்பு வீடுகளாகி, வரத்துக் கால்வாய்களில் சாக்கடை கலக்கிறது. 2019 கோடையில் சென்னைக்கு ஏற்பட்ட கடும் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது புறநகர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் சென்றது. அதே புறநகர் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் இரண்டு முறையும் பாதிக்கப்பட்டன. பஞ்சமும் வெள்ளமும் ஒரே நிலத்துக்கு வருவதே இவ்வட்டாரத்தின் இயல்பு.

4. மண் மாசு: குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்ததால், அங்கு நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் கலந்தன. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும் பெருஞ்சாலை ஓரங்களில் முன்பு படிந்த ஈயம் மண்ணைவிட்டு எளிதில் நீங்குவதில்லை.

5. விளக்கொளி: பலரும் கவனியாத இடர் இது. ஒளிக்கால உணர்வுள்ள நெல் இரகங்களும் சாமந்தி போன்ற மலர்ப்பயிர்களும் நீண்ட இருட்டு இருந்தால்தான் பூக்கும். தெருவிளக்கின் ஒளி இரவு முழுதும் விழும் வரிசைகளில் கதிர் பிந்தும். மற்றவை முற்றியபின்னும் அவ்வரிசைகள் பச்சையாக நிற்கும். இதனை நோயென்று கருதி மருந்து தெளிக்க வேண்டா. விளக்கடியில் ஒளிக்கால உணர்வற்ற இரகத்தையோ கீரையையோ பயிரிடுவதே தீர்வாகும்.

முதற் பணி: மண்ணையும் நீரையும் ஆய்தல்

தொலைவிலுள்ள உழவர் உரத்தின் அளவை அறிய மண்ணாய்வு செய்கிறார். நகரருகே உள்ள உழவர், "இங்கே உணவுப் பயிர் செய்யலாமா?" என்பதையே அறிவதற்காக ஆய்வு செய்யவேண்டும்.

மண் மாதிரி எடுக்க, வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுக்கவேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகே எடுக்கலாகாது. சேர்த்த மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்துத் துணிப்பையில் அனுப்பவேண்டும். கிணற்று நீரை, மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டபின், அந்நீராலேயே கழுவிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்கவேண்டும்.

வழக்கமான ஆய்வில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்துக்கள் ஆகியன தெரியும். குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவை அதில் இரா. சாலையோரம், தொழிற்சாலைப் பகுதி, பழைய குப்பைமேடு ஆகியவற்றை ஒட்டிய நிலமாயின் இவற்றைத் தனியே கேட்டு ஆய்வு செய்துகொள்ளவேண்டும்.

பாசன நீரின் மின் கடத்துத் திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு இடரில்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் வடிகால் வசதியும், உப்பைத் தாங்கும் பயிரும் தேவை. 2.25-க்கு மேற்பட்ட நீர் பொதுவாகப் பாசனத்துக்கு உகந்ததன்று.

நிலத்துக்கேற்ற பயிர்

தாவரத்தில் கன உலோகங்கள் பொதுவாக வேரிலும் இலையிலும் மிகுதியாகவும், காயிலும் கனியிலும் குறைவாகவும் சேரும். இந்த ஒரு செய்தியே பயிர்த் தேர்வுக்கு வழிகாட்டியாகும்.

மண்ணும் நீரும் தூய்மையாயின்: கீரைகள், கொத்தமல்லி, முள்ளங்கி, வெண்டை, கத்தரி என எதையும் பயிரிடலாம். இவற்றுள் கீரையே முதலிடம் பெறும்.

நீர் தூய்மை, ஆனால் நிலம் பெருஞ்சாலை ஓரமாயின்: கீரையைத் தவிர்த்து வெண்டை, கத்தரி, அவரை, புடல், பாகல் போன்ற காய்ப்பயிர்களைச் சாலையிலிருந்து தள்ளிப் பயிரிடவேண்டும். சாலைப் பக்கம் அடர்ந்த உயிர்வேலி அமைத்துப் புழுதியைத் தடுக்கவேண்டும். அவ்வேலியின் தழையை உண்ணவோ மாட்டுக்குப் போடவோ வேண்டா.

சாக்கடை கலந்த நீராயின்: கீரைக்கும், பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்கும் இந்நீரை ஒருபோதும் பாய்ச்சலாகாது. கழிவுநீரில் தழைச்சத்து மிகுதி என்பதால் கீரை செழித்து வளரும்; அச்செழிப்பைக் கண்டு ஏமாறலாகாது. அதனூடே குடல் நோய்க் கிருமிகளும் புழு முட்டைகளும் வருகின்றன. அந்நீரில் நின்று வேலை செய்பவருக்கே முதல் கேடு. மலர்ச்செடிகளும் அழகுச் செடி நாற்றங்காலுமே ஏற்றவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிகளுக்குள்ள விற்பனையை உழவர்கள் அறிவார்கள்.

குரோமியம், ஈயம் மிகுந்த மண்ணாயின்: உணவுப் பயிரும் தீவனப்பயிரும் வேண்டா. தீவனத்தில் ஏறுவது பாலில் வரக்கூடும். மரப்பயிரும் செடி வளர்ப்பும் செய்யலாம். செடிகளைத் தூய மண் நிரப்பிய பைகளில் வளர்க்கவேண்டும்.

ஏரிக்குக் கீழுள்ள தாழ்நிலமாயின்: சம்பா பட்டத்தில் நெல்லே தக்கது, மழைக்காலத்தில் அங்கே காய்கறி நிலைக்காது. நீர் தேங்கும் வயல்களில் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, இரு வாரம்வரை மூழ்கியிருந்தாலும் தாங்கும் இரகத்தைப் பயிரிடலாம். திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளான டி.கே.எம். 9, டி.கே.எம். 13 ஆகியவையும் வடமாவட்டங்களில் பழக்கமானவை.

கீரையில் தொடர் விதைப்பு முறை

கீரை பயிரிடுவோர் பெரும்பாலும் ஒரே நாளில் நிலம் முழுவதும் விதைக்கின்றனர். ஒரே வாரத்தில் அறுக்கின்றனர். அந்த வாரம் விலை வீழ்ந்தால் எல்லாம் வீழ்ந்தது. இதற்கு மாற்றாகத் தொடர் விதைப்பைப் பரிந்துரைக்கிறோம்.

30 சென்ட் நிலத்தை ஒரு சென்ட் வீதம் 30 பாத்தித் தொகுதிகளாகப் பிரிக்கவும். நாள்தோறும் ஒரு தொகுதியில் முளைக்கீரை விதைக்கவும். 25-ஆம் நாள் முதல் தொகுதி பிடுங்கத் தயாராகிவிடும். அன்றுமுதல் நாள்தோறும் ஒரு சென்ட் அறுவடை. அறுத்த தொகுதிக்கு ஐந்து நாள் ஓய்வும் எருவும் கொடுத்து மீண்டும் விதைப்பு. மாதம் முப்பது நாளும் வேலையும் வருமானமும் சீராக இருக்கும். சென்டுக்கு 25 கிலோ கிடைத்தாலும், 300 கிராம் கட்டுகளாக நாளுக்கு 80 கட்டுகளுக்குமேல் வரும். இதனைக் குடும்பத்தினர் இருவரே அறுத்துக் கட்டி விற்றுவிடலாம்.

விதை அளவு எக்டருக்கு 2.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோ, சென்டுக்குப் பத்தே கிராம். இவ்வளவு சிறு விதையைத் தனியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஆகவே உலர்ந்த மணலுடன் நன்கு கலந்து, பாத்தியில் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். அடியெருவாக எக்டருக்கு 25 டன் மக்கிய தொழுஉரம் தேவை. சென்டுக்கு 100 கிலோ. மற்ற உரங்களை மண்ணாய்வின்படி இடவேண்டும். யூரியாவை மிகுதியாக இட்டால் இலை கரும்பச்சையாகித் தோற்றம் பெறும். ஆனால் இலையில் நைட்ரேட் தேங்குவதோடு பூச்சியும் பெருகும்.

பிடுங்காமல் கிள்ளி விற்க விரும்புவோர் கோ 3 இரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விதைத்த 20-ஆம் நாள் முதல் கிள்ளலாம். பின்பு வாரம் ஒருமுறை வீதம் சுமார் பத்து முறை கிள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழையின்போது கீரை விலை ஏறுவது வழக்கம். பாத்திகள் மூழ்கிப்போவதே காரணம். ஓர் அடி உயர மேட்டுப்பாத்தியும், சுற்றிலும் வடிகாலும், மழைத்துளி நேரே தாக்காதபடி நிழல்வலையும் அமைத்தால் அப்பருவத்திலும் அறுவடை செய்யலாம்.

பயிர்ப் பாதுகாப்பு

கீரையில் இலைப்பிணைக்கும் புழுவும் வெண்துரு நோயும் முக்கியமானவை. கீரையை உண்பவர் அதனை மறுநாளே உண்கிறார் என்பதை நினைவிற்கொண்டு, இரசாயன மருந்தைத் தவிர்க்கவேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். வெண்துரு கண்ட இலைகளைப் பறித்து அழிக்கவும். இலைமேல் ஈரம் இரவு முழுதும் நிற்காதவாறு காலையில் நீர் பாய்ச்சவும். ஒரே பாத்தியில் கீரைமேல் கீரையாக விதைக்காமல் இடையில் வெந்தயமோ முள்ளங்கியோ மாற்றுவது நோயைக் குறைக்கும். அடுத்த வீட்டுச் சன்னல் பத்தடியில் இருக்கும் நிலத்தில் காற்று வீசும்போது எந்த மருந்தையும் தெளிக்கலாகாது.

குப்பை உரம்

நகரக் கழிவிலிருந்து செய்த உரத்தை வாங்குவோர், அதன் ஆய்வுச் சான்றைக் கேட்டுப் பெறவேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மி.கி., குரோமியம் 50 மி.கி., காட்மியம் 5 மி.கி. ஆகிய அளவுகளுக்குமேல் இருக்கலாகாது. கலவைக் குப்பையில் கலந்து வந்த பாட்டரி, வண்ணப் பூச்சு, பிளாஸ்டிக் ஆகியவற்றைச் சலித்தாலும் உலோகம் நீங்காது. ஆகவே தொடக்கத்திலேயே பிரித்தெடுத்த காய்கறிக் கழிவை அருகிலுள்ள உணவகங்களிலும் குடியிருப்புகளிலும் நேரடியாகப் பெற்று, உலர்ந்த இலையும் சாணமும் அடுக்கடுக்காகச் சேர்த்துத் தாமே மக்கவைப்பது சிறந்தது. குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசுக்குமேல் சூடேறினால்தான் களை விதையும் கிருமியும் அழியும். சூடு தணிந்ததும் புரட்டவேண்டும்.

நீர்க் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. உயரம் நீர் நிற்க ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி பத்து சென்றால் 1,20,000 லிட்டர். அது ஒரு ஏக்கருக்கு மூன்று செ.மீ. பாசனம். நாளுக்குப் பத்து லாரி விற்கும் கிணறு, நாளுக்கு ஒரு ஏக்கர்ப் பாசனத்தை விற்றுவிடுகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டதாகும்; உரிமம் இன்றி நீரை எடுத்துக் கொண்டுசெல்வது அதன்படி குற்றம். வேளாண்மைக்கெனப் பெற்ற இலவச மின் இணைப்பில் இறைத்த நீரை விற்பதும் விதிக்குப் புறம்பானது. நீர் விற்ற பணம் ஒரு கோடைக்கு வரும். வறண்ட கிணறு அண்டை நிலங்களையும் சேர்த்து மனையாக்கிவிடும்.

சிறு, குறு உழவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் 100 விழுக்காடு மானியத்திலும் மற்றவர்க்கு 75 விழுக்காடு மானியத்திலும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகிறது. இடமிருப்போர் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால், பக்கச் சரிவைக் கழித்தும் ஒன்றரை லட்சம் லிட்டர் அளவுக்கு மழைநீர் தேங்கும்.

நிலையற்ற நிலத்தில் முதலீடு

குத்தகைக்காரர் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கவேண்டும். முதலாவது, நிலக்காரர் தரும் அறிவிப்புக் காலத்தைவிட நீண்ட பயிரை வைக்கலாகாது. மூன்று மாத அறிவிப்பு என்றால் கீரையும் வெண்டையும் சரி. முருங்கையும் மல்லிகையும் சரியல்ல. இரண்டாவது, எடுத்துச் செல்லக்கூடியவற்றிலேயே முதலிடவேண்டும். சொட்டுநீர்க் குழாய், கழற்றும் குழாய்ச் சட்டத்தில் நிழல்வலை, வளர்ப்புப் பைகள் ஆகியன நிலம் கைமாறினாலும் நம்முடன் வரும். சுற்றுச்சுவரும் ஆழ்குழாய்க் கிணறும் வாரா. குத்தகைப் பணத்துக்கு ஒரு சிறு இரசீதேனும் கையொப்பத்துடன் வாங்கிவைப்பது நலம். நின்ற பயிரை அறுக்கும்வரை இடம் தருவதாக ஒரு வரி அதில் எழுதிவாங்க முயலவும்.

நிலமே இல்லாதவர்க்குக் காளான் ஏற்றது. சென்னை வெப்பத்துக்கு, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் வெளியிடப்பட்ட ஏ.பி.கே. 2 பால் காளான் பொருந்தும். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் இது நன்கு வளரும். மாடித் தோட்டம் அமைப்போர் ஒன்றை மறக்கலாகாது. மக்கள் ஏறிப் புழங்கும் மாடித் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பளுவைத் தாங்குமாறே திட்டமிடப்படுகிறது. ஓர் அடி ஆழ ஈரமண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவை எட்டும். ஆகவே தளத்தில் மண்ணை நேரே பரப்பாமல், மக்கிய தென்னைநார்க் கழிவு கலந்த பைகளை உத்தரம், சுவர் ஆகியவற்றின் மேலாக இடைவெளிவிட்டு வைக்கவேண்டும்.

விற்பனையும் கணக்கும்

உழவர் சந்தைகள் 1999 முதல் நடைபெறுகின்றன. உழவர் அடையாள அட்டை பெற்று அங்கு நேரடியாக விற்கலாம். இதைவிட எளிதானது, அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாற்பது வீடுகளுக்கு மாதக் கணக்கில் கீரை தருவதாகும். நாள்தோறும் 80 கட்டு தரும் நிலத்துக்கு இத்தகைய இரண்டு குடியிருப்புகள் போதும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. நகரருகே உள்ள உழவர் கணக்குப் பார்த்தே தீரவேண்டும். ஒரு நோட்டில் நாள்தோறும் விதை, எரு, கூலி, வண்டிச் செலவு, விற்ற கட்டு, விற்காமல் போன கட்டு ஆகியவற்றை எழுதவும். வீட்டாரின் உழைப்புக்கும் கூலி போடவும். ஆறு மாதக் கணக்கு கையிலிருந்தால்தான், நிலத்தைத் தொடர்வதா விடுவதா என்பதை அறிவால் முடிவு செய்யலாம்.

நிலத்தை விற்க நேர்ந்தால்

பெருநகரத் திட்ட வரைபடத்தில் தமது நிலம் வேளாண் பகுதியா, குடியிருப்புப் பகுதியா என்பதை முதலில் அறிந்துகொள்ளவும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கலாம். மனைத் தரகரின் அவசரத்துக்குப் பணிய வேண்டா. நகராட்சி எல்லையிலிருந்து, அதன் மக்கள்தொகைக்கேற்ப 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள் உள்ள விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. உரிய காலத்துக்குள் வேறு விளைநிலம் வாங்கினால் இவ்வரியில் விலக்குப் பெற வழியுண்டு. எனவே முன்பணம் வாங்கும் முன்பே தணிக்கையாளரைக் கலந்துகொள்ளவேண்டும்.

ஊரார் செய்யவேண்டியது

தனி உழவர் ஒருவரால் ஏரியைக் காக்க இயலாது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 எக்டர் சதுப்பு நிலம், நகரின் கழிவுநீரை வாங்கி மீனும் காய்கறியும் தந்து, 2002-ல் ராம்சார் தகுதி பெற்றது. நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அத்தகுதி 2022-ல் கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது. மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், மணிமங்கலம் ஏரிகளுக்கு அந்நிலை வாராதிருக்க, வரத்துக் கால்வாயில் சாக்கடை இணைப்புத் தருவதை உழவர்களும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து தடுக்கவேண்டும். குடியிருப்போர்க்கு இது வெள்ளத் தடுப்பு, உழவர்க்குப் பாசனம். இருவரின் நலமும் ஒரே மதகில் இருக்கின்றது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நிலமனைத்தும் என்றும் விளைநிலமாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் இன்று பயிருள்ள ஒவ்வொரு ஏக்கரும், மாசறிந்து, நீரறிந்து, கணக்கறிந்து பயிரிடப்படுமாயின், இருக்கும் காலம்வரை உழவருக்குச் சோறும் ஊருக்கு நல்ல கீரையும் தரும். ஐயம் உடையோர் கிண்டியிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அணுகி விளக்கம் பெறலாம். விதைக்கும் முன் மண்ணையும் நீரையும் ஆய்வுக்கு அனுப்புவதே அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை.